நாற்பத்தோராவது விண்மீன்

தூசு மறைத்த ஒரு விண்மீன் கொத்தில், ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை, தொலைநோக்கி அனுப்பும் படங்களைப் பார்த்து எழிலரசி திருவண்ணாமலை வீட்டிலிருந்தே பட்டியலிட்டு வந்தாள். அங்கிருந்து ஒளி இங்கே வரத் தொண்ணூறாயிரம் வருடம் ஆகும். நாற்பத்தோராவது விண்மீன் மட்டும், தேதி எப்படி மாறினாலும் கார்த்திகை தீபத்தன்று பிரகாசமாகி, தீபத்தைப் போலவே பதினோரு நாள் கழித்து மங்கியது.

"நம்ம தீப வெளிச்சம் படத்துல விழுந்திருக்கும்," என்றார் அப்பா மூர்த்தி. வருடந்தோறும் தீபத்துக்கு மலைமேல் நெய் சுமப்பவர்.

"டெலஸ்கோப் ஹவாய்ல இருக்குப்பா."

அவர் கால் முறிந்து படுத்திருந்த இரண்டு வருடமும் மலையில் தீபம் எரிந்தது. விண்மீன் மங்கியே கிடந்தது. பிழை என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

இந்த வருடம் அப்பா தடியூன்றி மலையேறினார். தீபம் ஏற்ற இருபது நிமிடம் இருக்கையில், திரையில் வந்துகொண்டிருந்த நேரடிப் படத்தில் அந்த விண்மீன் பிரகாசமானது. உடனே கைபேசி அடித்தது.

"உச்சிக்கு வந்து சேந்துட்டேன்மா," என்றார் அப்பா.