குதிரைக்குப் பெயர் வைத்தவர்

சூரமங்கலத்தில் காமிக்ஸ் வாசகர் விழா. மண்டபத்தின் சிமெண்டு அட்டைக் கூரைக்குக் கீழே உச்சிவேளை வெக்கை அசையாமல் நிற்கிறது. பழைய இதழ்களைத் துணி காயப்போடுவதுபோல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் துப்பாக்கிகளும் குதிரைகளும் படபடக்கின்றன. மேடையில் முகமூடி வீரன் வேடமிட்டவருக்கு, வியர்வையில் நனைந்த கறுப்புத் துணி மூக்கோடு ஒட்டியிருக்கிறது. "வீரனோட குதிரைக்குப் பேரு வெக்கற போட்டியில ஜெயிச்சவரு வெண்ணந்தூர் வீரபாகு! மேடைக்கு வாங்க!" என்று மைக்கில் கூவுகிறார். கடைசி வரிசையில் வீரபாகு திடுக்கிட்டு எழுந்து மனைவியைப் பார்க்கிறார். தறிக்கு நூல் வாங்க வந்தவரை, சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று இங்கே இழுத்து வந்தவள் பெரியநாயகி. பெண் பெயர் அச்சில் வந்தால் ஊர் பேசுமென்று, நாலு வருடமாக அவர் பெயரில் காமிக்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவளும் அவள்தான். அவருக்கு அது தெரியாது. "என்னைய எதுக்கு நாயகி கூப்புடறாங்க?" அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்குகிறாள். பதில் வருவதற்குள் யார் யாரோ கைதட்டி, முதுகில் தட்டி, அவரை மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். "குதிரைக்கு என்ன பேரு வெச்சீங்க? நீங்களே சொல்லுங்கண்ணா!" மைக் அவர் வாய்க்கு நேராக வருகிறது. "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க." மண்டபமே சிரிக்கிறது. அவர் சிரிக்கவில்லை, அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கடைசி வரிசையையே பார்க்கிறார். பெரியநாயகி எல்லோரையும்போல் சிரிப்பவளாக வாயைப் பொத்திக்கொள்கிறாள். பொத்திய கைக்குள் அவள் உதடுகள் சத்தமில்லாமல் அந்தப் பெயரைச் சொல்கின்றன.