வியாழக்கிழமைச் சட்டை

“சட்டையைக் கழற்றுங்க, வியாழக்கிழமை வந்தாச்சு!” என்று அந்த அம்மா காரிலிருந்து இறங்கிக்கொண்டே கணவரிடம் சொன்னாள்.

அன்று திங்கட்கிழமை. மதியச் சாப்பாடுகூட இன்னும் ஆகவில்லை.

கணவர் காருக்குப் பின்னால் மறைந்து நின்று நீலச் சட்டையைக் கழற்றி, கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். பெட்டிக்குள் துணிமணிகள் கிழமை வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க டிரைவருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த அந்த நிலமுனையைச் சுற்றிக் காட்ட முழுசாக ஒரு வாரத்துக்கு அவனைப் பேசியிருந்தார்கள். காலையில் விடுதிக்குப் போனால், பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள்!

“அறையைக் காலி பண்ணிட்டோம்ப்பா. எல்லா இடத்தையும் இன்னைக்கே பார்த்துடணும். சூரியன் விழறதுக்குள்ள சனிக்கிழமை முடிஞ்சாகணும்” என்றார் அவர்.

காலையில் கலங்கரை விளக்கத்தில் முதல் போட்டோ எடுத்தபோதே விஷயம் வெளியே வந்திருந்தது. இந்தப் பயணம் அவர்களுடைய மகள் கொடுத்த பரிசு. வெளியூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். மாலையில் ஒரு கடையில் நின்று வேலை பார்த்து, சேர்த்த காசில் அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்காக அனுப்பி வைத்திருக்கிறாள். தினமும் ஒரு போட்டோ வந்தாக வேண்டும் என்பது அவள் கட்டளை.

“நாங்க ஒரே நாள்ல கிளம்பிட்டோம்னு தெரிஞ்சா அவ்வளவுதான், குடைஞ்சு எடுத்துடுவா. சனிக்கிழமை வரைக்கும் பரீட்சை வேற. அவளுக்குத் தெரியவே கூடாது தம்பி” என்றாள் அம்மா.

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொண்ணு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பினால், இவர்கள் அறை வாடகையைத் திருப்பி வாங்கி அமுக்கிக்கொண்டு, துணி மாற்றித் துணி மாற்றி அவளையே ஏமாற்றுகிறார்களே! பெற்றவர்கள் செய்கிற காரியமா இது?

அதனால் சும்மா இருக்காமல் கொளுத்திப் போட்டான். “நாளன்னிக்கு இங்க மழைன்னு ரேடியோவுல சொன்னாங்க. உங்க புதன்கிழமை போட்டோவுல வெயில் பல்லைக் காட்டுது. மாட்டிக்கப் போறீங்க.”

கணவர் முகம் வெளிறிப் போயிற்று. “ஐயோ! வண்டியைத் திருப்புப்பா. மறுபடியும் புதன்கிழமைக்குப் போகணும்!”

மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். அவர் நீலச் சட்டைக்குள் மறுபடியும் நுழைந்தார். கொட்டகை நிழலில் குடையை விரித்து, பாட்டில் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

“தோள்ல ஊத்துங்க, தலையில ஊத்தாதீங்க! முடி நனைஞ்சா வெள்ளிக்கிழமைக்குள்ள காயாது!” என்று அம்மா அலறினாள்.

அந்த முடிதான் பெரும்பாடாக இருந்தது. இடுப்பு வரை கனத்த முடி. அங்கங்கே நரை. கலங்கரை விளக்கத்தில் ஒற்றைச் சடை, மலைவிளிம்பில் கொண்டை. இப்போது வியாழக்கிழமைக்காகக் குகைப் பாறைக்குத் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து விட்டுக்கொண்டாள்.

“முடி நல்லாத் தெரியணும், பார்த்து எடுப்பா.”

“முகம் வேணாமாம்மா?”

“இந்த மூஞ்சி அவ பார்க்காததா?”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா. ரெண்டாங்கிளாஸ். சடை பின்னி முடிக்கறதுக்குள்ள ஸ்கூல் மணி அடிச்சிடும்.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கோபத்தோடு இருந்த டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குச் சிப்பிக் கடற்கரை. அங்கே ஒரு கடையில் சிப்பி பதித்த கிளிப் ஒன்றை அம்மா வாங்கினாள். அவளைப் பாறையில் உட்கார வைத்து, பின்னால் உட்கார்ந்து கணவரே தலை வாரிவிட்டார். காலையிலிருந்து காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பறந்த மனுஷன், சீப்பைக் கையில் எடுத்ததும் நேரம் போவதையே மறந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தும் திரும்பவில்லை.

“சார், சூரியன் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது!”

“போதுங்க” என்றாள் அம்மா.

சீப்பில் வந்த நாலைந்து முடியை விரலில் சுற்றி, கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘சரியான கஞ்சன்! உதிர்ந்த முடியைக்கூட விட மாட்டார் போல’ என்று டிரைவர் நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாக நிலத்தின் கடைசி முனையில், சூரியன் கடலைத் தொடுகிற நேரத்தில் சனிக்கிழமை முடிந்தது. அம்மாவின் தலையில் சிப்பிக் கிளிப் மின்னியது.

“அப்பாடா” என்று சொல்லிவிட்டுக் கணவர் காரில் ஏறினார். டவுனுக்குப் போகச் சொன்னார். வழியையும் சொல்லிக்கொண்டே வந்தார். “இதோ, இந்த கேட்டுதான்.”

டிரைவர் நிமிர்ந்து பார்த்தான். பெரிய ஆஸ்பத்திரி.

“இங்க யாரைப் பார்க்கணும் சார்?”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அம்மா தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றி டிரைவர் கையில் வைத்தாள். “உன் பொண்ணுக்குக் குடுப்பா.”

“ஐயையோ, ஆசையா வாங்கினீங்களே! நீங்க போட்டுக்க வேணாமா?”

அவள் முடியை ஒருதரம் அள்ளி முன்னால் போட்டுத் தடவிக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில எனக்குத் தலையில ஆபரேஷன் தம்பி, இன்னைக்கே மொட்டை அடிச்சிடுவாங்களாம். பரீட்சை முடியற வரைக்குமாவது அவ அம்மாவுக்குத் தலை நிறைய முடி இருக்கட்டும்.”