ஓர் ஆள் நீளத்துக்கு

படுக்கையறையின் பழைய மரத்தரையைப் பெயர்த்து முடிக்க மேஸ்திரிக்குப் பகல் முழுக்கப் பிடித்தது. அடியில் சிமெண்ட் தரையோடு ஒட்டிக்கிடந்த கறுப்புப் பசையைச் சுரண்டித் தள்ளினார். பிறகு ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா இடமும் சில்லென்று இருந்தது. கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, வெதுவெதுப்பாக இருந்தது.

"டீச்சர், இதுக்கு அடியில சுடுதண்ணி பைப் ஏதாவது போகுதா?"

"இல்லையே, ஏன்?" என்று வீட்டுக்கார டீச்சர் உள்ளே வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

"முதுகு வலின்னு எங்க வீட்டுக்காரர் கடைசி எட்டு மாசமும் இங்கதான் படுத்திருந்தார். நானும் கூடப் படுத்திருக்கலாம். தரை சில்லுனு இருக்குன்னு கட்டிலை விட்டு இறங்கல. அவர் போய் ஆறு வருஷமாச்சு."

தரையை மட்டமாக்கும் கலவையை அன்றே ஊற்றுவதாக இருந்தது. அதற்காக வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மேஸ்திரி கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

"தரை இன்னும் கொஞ்சம் காயட்டும் டீச்சர். நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை கதவைத் திறந்த டீச்சரின் கன்னத்தில் சிமெண்ட் தரையின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது. மேஸ்திரி உள்ளே போய் மண்டியிட்டு, நேற்றைய இடத்தில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார்.

பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு, சூடு சுவரோரமாக ஒதுங்கியிருந்தது.