நான்கு அடுப்புகள்

நடுச்சுவர்களை எடுத்துவிட்டு நான்கு போர்ஷன்களையும் ஒரே வீடாக்க அனுமதி கேட்டிருந்தாள் வேதநாயகி. குடியிருப்பவர்கள் காலி செய்தால்தான் அனுமதி கிடைக்கும் என்றதால், மூன்று குடித்தனங்களையும் சித்திரையிலேயே அனுப்பிவிட்டாள். அதன்பின் அங்கே அவள் மட்டும்தான்.

இன்று பார்வையிட வந்த நகராட்சி அதிகாரிக்காக, காண்ட்ராக்டர் ஜெபராஜ் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்துவிட்டார். குடித்தனங்கள் விட்டுப்போன மூன்றிலும் பரண்கள் காலியாக இருந்தன. கொடிகளில் துணி இல்லை. ஆனால் முதல் போர்ஷன் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்ததில் புளிக்குழம்பு. மூன்றாவதில் சிறுதீயில் கத்திரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பால்.

அதிகாரி பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்க? நாலு வீட்லயும் சமையல் நடக்குது."

"சார், இந்த அக்கா மட்டுந்தான் சார் இருக்காங்க!" என்றார் ஜெபராஜ்.

"ஒரு ஆளுக்கு எதுக்குய்யா நாலு அடுப்பு? யாரை ஏமாத்துறீங்க?"

"அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா. நாளைக்குச் சுவர் இடிக்க ஆள் சொல்லிட்டேன்."

பால் பொங்கி வந்தது. வேதநாயகி தீயைக் குறைத்தாள். அது அடங்கி இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை குடும்பம் இருக்குன்னு எழுதுவீங்க சார்?"

"நாலுதான். வேற என்னத்த எழுத?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா சார். எல்லாரும் இப்பதான் வெளிய போனாங்க. சாப்பிட வந்துடுவாங்க."