அசையாத விஜயபாண்டி

போடியில் ஒரு பள்ளி. சுதந்திர தின விழாவில் ஏலத்தோட்ட முதலாளி ஒரு மணி நேரமாகப் பேசினார். வெயிலில் என்.சி.சி. மாணவர்கள் நெளிந்தார்கள். சுவரோரம் கடைசி வரிசையில் விஜயபாண்டி மட்டும் சிலையாக நின்றான்.

முதலாளி அசந்துபோனார். "தம்பி, மேடைக்கு வாப்பா!"

அவன் நகரவில்லை.

"உத்தரவு இல்லாம அசைய மாட்டான் போல!" என்று உருகியவர், தானே இறங்கிவந்து பதக்கம் குத்திவிட்டார்.

கூட்டம் கலைந்தும் அவன் அப்படியே நின்றான்.

"போதும் அப்பு, வீட்டுக்குப் போ" என்றார் என்.சி.சி. ஆசிரியர் காமராஜ்.

"பொம்பளப் புள்ளைக போயிருச்சுகளா சார்?"

"போயிருச்சுக. ஏண்டா?"

"வெறப்பா நிக்கச் சொல்லி நீங்க 'சாவ்தான்'னு கத்துனப்ப காலை ஓங்கி அடிச்சேன் சார். பேண்ட்டு பின்னாடி முழுசாக் கிழிஞ்சிருச்சு. வெரசா ஒரு துண்டு கொண்டாங்க!"