தொலைநோக்கியில் தெரிந்த வீடு

வானியல் சங்கத்தில் சேர்ந்தால் அறிவு வளரும், நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும் என்று மனைவி கோமளாவிடம் சொல்லியிருந்தான் வெங்கடபதி. உண்மையில், சங்கம் கூடும் துடியலூர் மில் மாடியிலிருந்து அவன் வீடு தெரியும். அவன் இல்லாத சாயங்காலங்களில் அங்கே யாரோ வந்துபோவதாகச் சந்தேகம்.

இருட்டும் முன்பே தொலைநோக்கியை வீட்டுப் பக்கம் திருப்பினான். மொட்டைமாடி, அதில் துணி எடுக்கும் கோமளா எல்லாமே தலைகீழாகத் தெரிந்தன.

“ஏனுங்க, லென்ஸ் கெட்டுப்போச்சுங்களா?”

“இதுல எல்லாமே அப்படித்தானுங்க தெரியும். நேராப் பார்க்கோணும்னா நீங்க தலைகீழா நில்லுங்க,” என்று சிரித்தார் செயலாளர் ராசப்பன்.

மறுபடி குனிந்து பார்த்தான். தலைகீழாக நின்ற கோமளா, மடித்த சட்டையைப் பக்கத்தில் யாருக்கோ நீட்டினாள். வாங்கிக்கொண்ட ஆள் மட்டும் தொலைநோக்கியிலும் நேராக நின்றிருந்தான். அவன் காலுக்கடியில் வானம்தான் இருந்தது.