தழும்பில்லாத கீறல்

“இன்னைக்கே எடுத்தாகணும் டாக்டர்,” என்றார் அந்த ஆள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும், வலது மேல் இமையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி துருத்திக்கொண்டு நின்றது.

கண் டாக்டர் ஓரடி பின்வாங்கினாள். முந்தாநாள் நகைக்கடையில் புகுந்து காவலாளியைக் குத்தியவனின் அடையாளம் இன்று காலைதான் டி.வி.யில் வந்தது. முகத்தை மூடியிருந்தானாம். கண்ணும் இமையில் ஒரு கட்டியும்தான் தெரிந்ததாம்.

ஆபத்தில்லாத கட்டிதான், ரெண்டு வாரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தானாகவே அமுங்கிவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். ரெண்டு வாரமெல்லாம் தாங்காது என்றார் அவர், வாசலைத் திரும்பிப் பார்த்தபடி. இதோடு தெருவில் தலைகாட்ட முடியவில்லையாம்.

வேறென்ன சாட்சி வேண்டும்? மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிப் படுக்கச் சொன்னாள். பளபளவென்ற பழுப்பு ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் படுத்தார். டாக்டர் ஜாடை காட்ட, நர்ஸ் பூனை போல வெளியே போய்ப் போலீசுக்குப் போன் போட்டாள்.

அவர்கள் வரும்வரை இந்த ஆளைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். கத்தி கித்தி வைத்திருந்தால்? மாடியில் தம்பி இருக்கிறான், ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கண்ணில் தூசி விழுந்தாலும் அக்காவைத் தேடி வருகிற பிள்ளை.

“தழும்பு தெரியுமா?”

“இமையைப் புரட்டி உள்பக்கமாத்தான் கீறுவோம். வெளியே ஒண்ணும் தெரியாது.” குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். “நேத்து என் தம்பிக்கே எடுத்தேன். உங்களை மாதிரியே அவனுக்கும் ஒரே அவசரம். கட்டுப் போட்டுக்கிட்டு மேலே தூங்கறான்.”

அவர் மூடிய கண்ணோடு தலையைச் சற்று உயர்த்தினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் லத்தியோடு நுழைந்தார்கள். படுத்திருந்தவரைப் பார்த்ததும் மூன்று பேரும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

“டி.வி.யில வந்ததிலிருந்து என்னைப் பிடிச்சுக் கொடுக்கறது நீங்க மூணாவது ஆள். அதான் எனக்கு அவசரம்,” என்றபடி எழுந்து உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர்.

டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அசட்டுச் சிரிப்போடு மன்னிப்புக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மருந்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தார்.

“உங்க தம்பியை எழுப்புங்க, டாக்டர்.”